வழக்கில் மாட்டாமல் பிராண்டைப் பற்றிய பேச்சைக் கவனிப்பது எப்படி

உங்கள் கம்பெனியின் பெயரைச் சொல்லி இணையத்தில் யார் என்ன எழுதுகிறார்கள் என்று தேடிப் பார்ப்பதில் தப்பு எதுவும் கிடையாது. வாடிக்கையாளர் இப்போதெல்லாம் உங்களுக்குப் போன் செய்வதற்கு முன்னால் ஊருக்கே சொல்லிவிடுகிறார், அதனால் பார்க்காமல் இருப்பதுதான் தப்பு. கூகுள் அலர்ட்டில் பிராண்ட் பெயரைப் போட்டு வைத்தால் தினமும் மெயிலில் வந்து விழும். சிக்கல் அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறது. எழுதியவர் யார் என்று துருவுவது, அந்தப் பெயரை எக்செலில் ஏற்றுவது, பக்கத்தில் 'நமக்கு எதிரி' என்று குறிப்பது, அதை நாலு பேருக்கு ஃபார்வர்டு செய்வது, கடைசியில் வக்கீல் நோட்டீஸ். இந்த ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒரு சட்டம் குறுக்கே வருகிறது, அதில் பல இந்த வேலையைப் பார்ப்பவர்களின் காதுக்கே எட்டியிருக்காது. பெரிய கம்பெனியின் மார்க்கெட்டிங் பிரிவில் இருந்தாலும் சரி, ஒரே ஆளாகத் தொழில் நடத்தினாலும் சரி, படி ஒவ்வொன்றையும் எப்படித் தாண்டுவது என்று சொல்கிறேன்.

எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு இபே என்ற இணைய விற்பனைத் தளத்தின் கதையைப் பாருங்கள். இணைய வியாபாரத்தைப் பற்றிச் செய்திமடல் நடத்திவந்த ஒரு தம்பதி இபேயை விமர்சித்து எழுதினார்கள், கீழே வாசகர்களும் காட்டமாகக் கருத்துப் போட்டார்கள். மேலதிகாரிகளுக்கு எரிச்சல். 2019இல் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்தவர்கள் அந்தத் தம்பதியின் வீட்டுக்கு உயிருள்ள கரப்பான் பூச்சிகள், சிலந்திகள், இறுதிச் சடங்கு மலர்வளையம் என்று பார்சல் அனுப்பினார்கள், மிரட்டல் செய்தி அனுப்பினார்கள், நேரில் போய் வேவும் பார்த்தார்கள். அந்தப் பிரிவின் முன்னாள் தலைவருக்கு 2022இல் 57 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. 2024 ஜனவரியில் கம்பெனி 30 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. மேலதிகாரிகள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட கோபமான குறுஞ்செய்திகள் வழக்கு ஆவணங்களில் இடம்பிடித்தன. உங்கள் கம்பெனி இந்த அளவுக்குப் போகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பொருளைப் பற்றிய பேச்சிலிருந்து பார்வை நகர்ந்து, பேசுகிற ஆளின் மேல் விழும் அந்த முதல் நகர்வு எல்லா அலுவலகத்திலும் நடக்கிறது. அதைத்தான் தடுக்க வேண்டும்.

எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள்

இணையப் பதிவுகளைத் தேடித் தொகுக்கும் கருவி வாங்குவதற்கு முன்னால் ஒரு பக்கத்தில் நோக்கத்தை எழுதி வையுங்கள். பொருளில் என்ன குறை சொல்கிறார்கள், யாருக்காவது காயமோ ஆபத்தோ ஏற்பட்டிருக்கிறதா, எங்கள் பெயரில் யாராவது போலிக் கணக்கு நடத்துகிறார்களா. பெரும்பாலான கம்பெனிகளுக்கு இந்த மூன்றும் போதும். கவனித்துப் பாருங்கள், இவற்றில் எதற்கும் விமர்சனம் எழுதியவரின் பெயரோ ஊரோ வேலையோ தேவைப்படவில்லை.

'பொதுவில்தானே போட்டிருக்கிறார், எடுத்தால் என்ன' என்பது எல்லோரும் சொல்கிற வாதம். சில நாடுகளில் அதில் நியாயம் உண்டு. கலிஃபோர்னியாவின் தனியுரிமைச் சட்டம் ஒருவர் பொதுமக்களுக்குத் திறந்து வைத்த தகவலைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிடுகிறது. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒருவர் தானே பொதுவில் வெளியிட்ட தகவலுக்குப் பொருந்தாது, ஆனால் 'தானே' என்பதைக் கவனியுங்கள், அவரைப் பற்றி வேறொருவர் எழுதியதற்கு அந்த விலக்கு கிடையாது. ஐரோப்பாவில் கதையே வேறு. 2018 மே 25 முதல் அமலில் இருக்கும் ஜிடிபிஆர் என்ற ஐரோப்பிய ஒன்றியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொதுப் பதிவையும் தனிநபர் தரவாகவே பார்க்கிறது, அபராதம் 2 கோடி யூரோ அல்லது உலக அளவிலான ஆண்டு விற்பனையில் 4 சதவீதம், இரண்டில் எது பெரியதோ அது வரைக்கும் போகலாம். உங்கள் அலுவலகம் எங்கே இருந்தாலும், ஐரோப்பாவில் இருப்பவர்களின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணித்தால் அந்தச் சட்டம் உங்களைத் தேடி வரும். பதிவு எழுதுகிறவர் எந்த நாட்டில் உட்கார்ந்து எழுதுகிறார் என்று உங்களால் பிரிக்க முடியாது என்பதால், எது கடுமையான விதியோ அதற்கேற்ப வேலையை அமைத்துவிடுவதுதான் தலைவலி இல்லாத வழி.

இங்கே இரண்டு வழக்குகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிராண்ட் கண்காணிப்பு செய்கிறவர்கள் தினமும் செய்கிற வேலைதான் இரண்டிலும் மாட்டியது.

முதலாவது, களைக்கொல்லி விற்ற மான்சான்டோ கம்பெனி. கிளைஃபோசேட் களைக்கொல்லி சர்ச்சையின்போது அந்தக் கம்பெனிக்காக வேலை செய்த மக்கள் தொடர்பு நிறுவனம் ஒன்று பத்திரிகையாளர்கள், அரசியல்வாதிகள், ஆர்வலர்கள், விஞ்ஞானிகள் என்று 200க்கும் மேற்பட்டவர்களின் பட்டியலைத் தயாரித்தது. வேலை செய்யும் இடம், பதவி, போன், மெயில், சிலருக்கு ட்விட்டர் கணக்கு. கூடவே ஒவ்வொருவருக்கும் செல்வாக்கு, நம்பகத்தன்மை, நம் பக்கம் இருக்கிறாரா என்று 1 முதல் 5 வரை மதிப்பெண். 2021 ஜூலையில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 4 லட்சம் யூரோ அபராதம் போட்டது. இப்படிப் பட்டியல் வைப்பதே குற்றம் என்று அது சொல்லவில்லை, ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. 'உங்கள் பெயர் எங்கள் பட்டியலில் இருக்கிறது' என்று அவர்களுக்குத் தெரிவிக்கவில்லை, அதுதான் பிரச்சினை. தெரிவித்திருந்தால் அவர்கள் எதிர்ப்புச் சொல்லியிருக்க முடியும்.

இரண்டாவது, பெல்ஜியத்தில் ஓர் ஆய்வு அமைப்பு பிரான்சின் அரசியல் சர்ச்சை ஒன்றைப் பற்றிய ட்வீட்டுகளை அலசி, எழுதியவர்களை அரசியல் சாய்வு வாரியாகப் பிரித்தது. யாரையும் துன்புறுத்தும் எண்ணம் அவர்களுக்கு இல்லை, பொய்ச் செய்தி எப்படிப் பரவுகிறது என்றுதான் பார்த்தார்கள். ஆனால் அடிப்படைத் தரவை மறைக்காமல் வெளியே விட்டார்கள், அதில் சிலருடைய மதம், இனம், பாலியல் நாட்டம் எல்லாம் தெரிந்தது. 2022இல் அமைப்புக்கு 2,700 யூரோ, ஆய்வாளருக்குத் தனியாக 1,200 யூரோ அபராதம். தொகை சின்னதுதான். ஆனால் அறிக்கை தயாரித்த ஆளின் பெயரிலேயே அபராதம் வந்தது என்பதை இந்த வேலையில் இருக்கும் எல்லோரும் மனதில் வைக்க வேண்டும்.

இதிலிருந்து செய்ய வேண்டியவை. டேஷ்போர்டில், அதாவது கருவி பதிவுகளைத் தொகுத்துக் காட்டும் திரையில், கணக்குப் பெயரும் படமும் வரும் நெடுவரிசையை மூடிவிடுங்கள், பல கருவிகளில் அதற்கு அமைப்பு இருக்கிறது. இல்லையென்றால் ஏற்றுமதி செய்யும் கோப்பிலிருந்தாவது அந்த நெடுவரிசையை நீக்குங்கள். மதம், சாதி, அரசியல், உடல்நலம், பாலியல் நாட்டம் என்று எந்த வகைப்படுத்தலையும் இயக்காதீர்கள், கருவி தானாகவே 'பார்வையாளர் விவரம்' என்று கொடுத்தாலும் அணைத்துவிடுங்கள். உங்கள் தளத்தின் தனியுரிமைப் பக்கத்தில், பிராண்டைப் பற்றிய பொதுப் பதிவுகளைக் கவனிக்கிறோம், இன்னின்ன காரணத்துக்காக, இத்தனை நாள் வைத்திருப்போம், வேண்டாம் என்றால் இந்த முகவரிக்கு எழுதுங்கள் என்று ஒரு பத்தி சேருங்கள். பத்திரிகையாளர்கள் பட்டியல் மாதிரி பெயரோடு வைத்தே ஆக வேண்டிய பட்டியல் ஏதாவது இருந்தால் அவர்களுக்கு நேரடியாக ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள். தெரியாமல் வைத்திருந்து பின்னால் வெளியே வருவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

தேடும் சொற்கள்

பிராண்ட் பெயர், அதை ஜனங்கள் தப்பாக எழுதும் விதங்கள், பொருள்களின் பெயர்கள், மாடல் எண்கள். இவற்றோடு 'தீப்பிடித்தது', 'வெடித்தது', 'ஷாக் அடித்தது', 'ஆஸ்பத்திரி', 'போலி', 'பணம் திரும்ப வரவில்லை' போன்ற சொற்களைச் சேருங்கள், ஏன் என்று கீழே வருகிறேன். தமிழில் தேடுகிறீர்கள் என்றால் தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகிற விதத்தில் ஒருமுறை, இரண்டும் தேவை.

ஆட்களின் பெயரைத் தேடுசொல்லாகப் போடாதீர்கள். கம்பெனியின் தலைவர் பெயரைப் போடலாம், ஆள்மாறாட்டத்தைப் பிடிக்க அது உதவும், அவருக்கும் அது தெரிந்திருக்கும். ஆனால் வேலையை விட்டுப் போன ஊழியர், தொழிற்சங்கத் தலைவர், அடிக்கடி விமர்சிக்கும் நிருபர், புகார் கொடுத்த வாடிக்கையாளர் ஆகியோரின் பெயர்கள் தேடுசொல் பட்டியலில் இருந்தால் அது பிராண்டைக் கவனிப்பது ஆகாது, அந்த ஆளைக் கவனிப்பதாகிவிடும். வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் ஆவணங்களில் இந்தப் பட்டியலும் ஒன்றாக இருக்கும். யார் எப்போது எந்தச் சொல்லைச் சேர்த்தார் என்பதையும் பல கருவிகள் பதிவு செய்து வைத்திருக்கும்.

எப்படி எடுப்பது, எங்கே நிற்பது

ஏபிஐ வழியாக, அதாவது தரவை எடுக்கத் தளங்களே தருகிற அதிகாரப்பூர்வ வழியில், எடுப்பது செலவு, ஆனால் பாதுகாப்பு. நீங்களே நிரல் எழுதிப் பக்கங்களிலிருந்து தரவைத் தானாக அள்ளுவது, அதாவது ஸ்கிரேப் செய்வது, மலிவு, ஆனால் எல்லை மங்கல். லிங்க்ட்இன் தளத்தின் பொதுப் பக்கங்களை அள்ளிக்கொண்டிருந்த ஹைக்யூ என்ற கம்பெனியின் வழக்கு இதில் நல்ல பாடம். பொதுவில் திறந்திருக்கும் பக்கத்தை எடுப்பது கணினிக்குள் அத்துமீறி நுழைவதாகாது என்ற பக்கமே அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஏப்ரலில் சாய்ந்தது, எல்லோரும் ஸ்கிரேப்பிங் ஜெயித்துவிட்டது என்று கொண்டாடினார்கள். அதே ஆண்டு நவம்பரில் கீழ் நீதிமன்றம், தளத்தின் பயனர் ஒப்பந்தத்தை ஹைக்யூ மீறியது என்று சொன்னது, போலிக் கணக்குகளைப் பயன்படுத்தியதும் அதில் ஒன்று. டிசம்பரில் 5 லட்சம் டாலர் தீர்ப்புக்கு ஹைக்யூ ஒப்புக்கொண்டு வழக்கு முடிந்தது. 2024 ஜனவரியில் மெட்டாவுக்கும், இணையத் தரவை அள்ளி விற்கும் பிரைட் டேட்டாவுக்கும் நடந்த வழக்கிலோ, லாகின் செய்யாமல் எடுத்த பொதுத் தரவுக்கு மெட்டாவின் விதிமுறைகள் பொருந்தாது என்று நீதிபதி சொன்னார். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் நடைமுறைக் கோடு ஒன்று தெரிகிறது: லாகின் செய்துவிட்டீர்கள் என்றால் விதிமுறைகளுக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள்.

மூடிய குழுக்கள் விஷயத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. வேறு பெயரில் கணக்கு ஆரம்பித்து உள்ளே போகாதீர்கள், உள்ளே இருக்கும் ஊழியரிடம் ஸ்கிரீன்ஷாட் கேட்காதீர்கள், வாட்ஸ்ஆப் குழுவில் ஆள் வைக்காதீர்கள். அமெரிக்காவில் ஓர் உணவக நிறுவனத்தின் ஊழியர்கள் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் தங்களுக்குள் ஒரு தனிக் குழு வைத்திருந்தார்கள். மேலாளர்கள் ஓர் ஊழியரிடம் பாஸ்வேர்டை வாங்கி உள்ளே போய்ப் படித்துவிட்டு இரண்டு பேரை வேலையைவிட்டு நீக்கினார்கள். பாஸ்வேர்டைக் கொடுத்தவர் மனம் ஒப்பிக் கொடுக்கவில்லை, மறுத்தால் சிக்கல் வரும் என்று பயந்துதான் கொடுத்தார். 2009இல் நடுவர் குழு, மின்னணுத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் கம்பெனி மீறியது என்று தீர்ப்பளித்தது. வேலைக்கு வைத்திருப்பவர் கேட்கும்போது ஊழியர் கொடுக்கும் அனுமதி அனுமதியே இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்திகளை வெட்டி ஒட்டுவதிலும் ஒரு பொறி இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. தினமும் காலையில் நிர்வாகிகளுக்குப் போகும் தொகுப்பில் செய்திக் கட்டுரையை முழுசாக ஒட்டி அனுப்புகிறீர்கள் அல்லவா, அது பதிப்புரிமை விஷயம். இணையக் கண்காணிப்புத் துறையின் பெரிய நிறுவனமான மெல்ட்வாட்டர் மீது அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வழக்குப் போட்டு, 2013 மார்ச்சில் நியூயார்க் நீதிமன்றத்தில் ஜெயித்தது. செய்தியின் துணுக்குகளைக் கூலி வாங்கிக்கொண்டு கொடுப்பது 'நியாயமான பயன்பாடு' (அனுமதி வாங்காமலே பயன்படுத்தப் பதிப்புரிமைச் சட்டம் தரும் விலக்கு) இல்லை என்றார் நீதிபதி. திரையில் திறந்து படிப்பதற்கு மட்டும் தனி உரிமம் தேவையில்லை என்று 2014இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே இணைப்பு கொடுங்கள், உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு வரிச் சுருக்கம் எழுதுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் உரிமம் வாங்குங்கள்.

பார்த்துவிட்டால் தெரியாது என்று சொல்ல முடியாது

இந்தத் துறையில் அதிகம் பேசப்படாத ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். கண்காணிப்பு என்றாலே 'அடுத்தவர் தகவலை எடுத்தால் மாட்டுவோம்' என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். எடுத்து வைத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருந்தால் வரும் பிரச்சினை அதைவிடப் பெரியது.

உங்கள் சார்ஜர் சூடாகி உருகிவிட்டது என்று ஒருவர் படத்தோடு பதிவு போடுகிறார். உங்கள் கருவி அதைப் பிடித்து, 'எதிர்மறை' என்று முத்திரை குத்தி, மாத அறிக்கையின் ஒரு சதவீதக் கணக்கில் சேர்த்துவிட்டது. மூன்று மாதம் கழித்து வேறொரு வீட்டில் தீ. அப்போது நீதிமன்றத்தில் எழும் முதல் கேள்வி, உங்களுக்கு எப்போது தெரியும் என்பதாகத்தான் இருக்கும். பதிலோ உங்கள் டேஷ்போர்டிலேயே தேதி, நேரத்தோடு இருக்கும். அமெரிக்காவில் நுகர்பொருளில் ஆபத்தான குறைபாடு இருப்பதாக நியாயமாகக் கருத இடமிருக்கும் தகவல் கிடைத்தால் 24 மணி நேரத்துக்குள் பாதுகாப்பு ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். மருந்துக் கம்பெனிகளுக்கு இன்னும் கறார். ஐரோப்பிய விதிகளின்படி தங்கள் பொறுப்பில் இருக்கும் தளங்களையும் சமூக ஊடகப் பக்கங்களையும் அவர்கள் ஒழுங்காகப் பார்த்துவர வேண்டும், வேறு இடத்தில் பக்கவிளைவைப் பற்றிய பதிவு கண்ணில் பட்டாலும் அதை மதிப்பிட வேண்டும், கடுமையான பக்கவிளைவு என்றால் அறிக்கை கொடுக்க 15 நாள்தான் அவகாசம்.

வர்த்தகச் சின்ன விஷயத்திலும் இதே மாதிரிதான். யாரோ உங்கள் பெயரை ஒட்டி ஒரு பெயரைப் பதிவு செய்து வியாபாரம் நடத்துகிறார், உங்கள் கருவி அதை வருடா வருடம் காட்டுகிறது, நீங்கள் கண்டுகொள்ளவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் தெரிந்தே தொடர்ந்து 5 ஆண்டு சும்மா இருந்துவிட்டால், அவர் கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்திருந்தாலொழிய, அந்தச் சின்னத்தை எதிர்க்கும் உரிமையே போய்விடும்.

அதனால் அலர்ட்டைத் திறப்பதற்கு முன்னால் அது யாரிடம் போகும் என்று முடிவு செய்யுங்கள். மேலே சொன்ன 'தீப்பிடித்தது', 'ஷாக் அடித்தது', 'ஆஸ்பத்திரி' வகைச் சொற்கள் மார்க்கெட்டிங் அறிக்கைக்குள் போகவே கூடாது, நேராகத் தரக்கட்டுப்பாட்டுக்கோ பாதுகாப்புக்கோ பொறுப்பான ஒருவரின் போனுக்குப் போக வேண்டும், விடுமுறை நாளிலும். அவர் பார்த்தார், இன்னது செய்தார் என்று ஒரு வரிக் குறிப்பு இருக்க வேண்டும். இந்த மாதிரிப் பதிவில் மட்டும் எழுதியவரைத் தொடர்புகொள்வது நியாயம், கம்பெனியின் அதிகாரப்பூர்வக் கணக்கிலிருந்து, திறந்த மனதோடு. இப்படி ஒரு ஏற்பாடு செய்ய முடியாது என்றால் குறைவான தளங்களைக் கவனியுங்கள். ஐம்பது இடத்தில் வலை வீசி எதையும் படிக்காமல் இருப்பதைவிட ஐந்து இடத்தைப் பார்த்து உடனே வேலை செய்வது உங்களுக்கும் நல்லது, பொருளை வாங்கியவருக்கும் நல்லது.

சொந்த ஊழியர்கள் எழுதும்போது

பல இடங்களில் கம்பெனியைப் பற்றி மோசமாக எழுதுவது அங்கே வேலை பார்ப்பவர்தான். கோபம் வரும். ஆனால் அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டப்படி சம்பளம், வேலை நிலைமை பற்றி ஊழியர்கள் சேர்ந்து பேசுவதற்குப் பாதுகாப்பு உண்டு, சங்கம் இல்லாவிட்டாலும். ஒரு மதுக்கடையில் வரிப் பிடித்தம் குழப்பமாக இருக்கிறது என்று முன்னாள் ஊழியர் போட்ட ஃபேஸ்புக் பதிவுக்கு ஒருவர் லைக் போட்டார், இன்னொருவர் கருத்து எழுதினார், இரண்டு பேரையும் வேலையைவிட்டு எடுத்தார்கள். லைக் போட்டதற்கும் பாதுகாப்பு உண்டு என்று 2014இல் தொழிலாளர் வாரியம் சொன்னது, மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. ஆகவே பிராண்ட் கண்காணிப்பில் ஊழியரின் பதிவு சிக்கினால் அதை அவருடைய மேலாளருக்கு அனுப்பும் வழக்கத்தை நிறுத்துங்கள். தொழில் ரகசியம் வெளியே போயிருக்கிறது, சக ஊழியரை மிரட்டியிருக்கிறார் என்ற மாதிரி விஷயம் மட்டும் மனிதவளப் பிரிவுக்கும் வக்கீலுக்கும் போகட்டும். மற்றதை விடுங்கள். சம்பளம் பத்தவில்லை என்று பத்துப் பேர் எழுதினால் அந்தத் தகவல் நிர்வாகத்துக்குத் தேவைதான், அந்தப் பத்துப் பேர் யார் என்பது தேவையில்லை.

பதில் எழுதும்போது

ரிவ்யூவுக்குப் பதில் எழுதுகிறவர் பொதுவாக ஜூனியர், அவர் கையில் வாடிக்கையாளரின் முழு விவரமும் இருக்கிறது, அவமானப்பட்ட கோபமும் இருக்கிறது. 2019இல் டாலஸ் நகரத்துப் பல் மருத்துவமனை ஒன்று, ரிவ்யூ எழுதிய நோயாளிக்குப் பதில் சொல்லும் வேகத்தில் அவருடைய குடும்பப் பெயரையும் உடல்நல விவரத்தையும் பொதுவில் எழுதி, 10,000 டாலர் கட்டியது. வாடிக்கையாளர் தன் கதையைத் தானே சொன்னாலும் அதை உறுதிப்படுத்தும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. 'நீங்கள் போன செவ்வாய்க்கிழமை வாங்கினீர்கள், இரண்டு தடவை திருப்பி அனுப்பினீர்கள்' என்று எழுதாதீர்கள். வருத்தம் தெரிவியுங்கள், தொடர்புக்கு ஒரு வழி கொடுங்கள், மீதியைத் தனியாகப் பேசுங்கள்.

மோசமான ரிவ்யூவை மறைப்பது, நல்லதைக் காசு கொடுத்து எழுத வைப்பது இரண்டும் இப்போது நேரடியாகச் சட்டத்துக்கு விரோதம். நாலு நட்சத்திரத்துக்குக் கீழே வந்த ரிவ்யூக்களைத் தளத்தில் காட்டாமல் வைத்ததற்காக ஃபேஷன் நோவா என்ற அமெரிக்கத் துணிக்கடை 2022இல் 42 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. போட்டிக் கம்பெனியைத் திட்டி எழுத ஆட்களைப் பணம் கொடுத்து அமர்த்தியதாக 2013இல் தைவானில் சாம்சங்குக்கு 1 கோடி தைவான் டாலர் அபராதம். அமெரிக்க வணிக ஆணையத்தின் போலி ரிவ்யூ விதி 2024 அக்டோபர் 21 முதல் அமலில் இருக்கிறது, ஒவ்வொரு மீறலுக்கும் 50,000 டாலருக்கு மேல் அபராதம் போகலாம், அதில் எதிர்மறை ரிவ்யூவை அடக்க ஆதாரமில்லாத சட்ட மிரட்டல் விடுவதும் சேர்த்தி. பிரிட்டனிலும் 2025 ஏப்ரலிலிருந்து போலி ரிவ்யூவுக்குத் தடை.

விற்பனை ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு மூலையில் 'எங்களைப் பற்றித் தப்பாக எழுதக் கூடாது' என்ற வரி இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். க்ளியர்கியர் என்ற இணையக் கடை அப்படி ஒரு வரியைக் காட்டி, மோசமான ரிவ்யூ எழுதிய தம்பதியிடம் 3,500 டாலர் கேட்டது, கொடுக்காததால் கடன் நிலுவை என்று புகார் செய்தது. 2014இல் நீதிமன்றம் அந்தத் தம்பதிக்கு 3 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. 2016இல் அமெரிக்கா அந்த மாதிரி வரிகளே செல்லாது என்று தனிச் சட்டம் போட்டது.

நீக்கச் சொல்வது, நோட்டீஸ் அனுப்புவது

சில பதிவுகளை நீக்கத்தான் வேண்டும். உங்கள் பெயரில் போலிக் கணக்கு நடத்தி ஜனங்களிடம் பணம் பறிக்கிறார்கள் என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் தளத்துக்குப் புகார் கொடுங்கள். ஊழியரின் வீட்டு முகவரியை வெளியிட்டு மிரட்டினால் போலீசுக்குப் போங்கள். அவதூறு என்று நினைக்கும் பதிவுக்கு மட்டும் நின்று யோசிக்க வேண்டும். 'இந்தப் பொருள் குப்பை' என்பது கருத்து. 'இந்தப் பொருளில் காரீயம் கலக்கிறார்கள்' என்பது உண்மை என்று சொல்லப்படும் ஒரு கூற்று, அது பொய் என்றால் உங்களுக்கு வழக்கு இருக்கலாம். முதலாவதற்கு நோட்டீஸ் அனுப்பினால் கெட்டுப்போவது உங்கள் பெயர்தான். பொது விஷயத்தில் பேசுகிறவரின் வாயை அடைக்கப் போடும் வழக்குகளை ஆரம்பத்திலேயே தள்ளிவிடக் கலிஃபோர்னியா போன்ற இடங்களில் தனிச் சட்டம் இருக்கிறது, தோற்றால் எதிர்த்தரப்பின் வக்கீல் செலவும் உங்கள் தலையில் விழும். ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் இதற்காக ஓர் ஆணை கொண்டுவந்திருக்கிறது.

லோகோவைப் போட்டுக் கிண்டல் செய்தால் வர்த்தகச் சின்ன மீறல் என்று பலர் நினைக்கிறார்கள். துறைமுகத் திட்டத்தால் ஆமைகளுக்கு ஆபத்து என்று சொல்லி கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட இணைய விளையாட்டில் டாடாவின் சின்னம் வந்ததற்கு டாடா வழக்குப் போட்டது. விமர்சனத்துக்கும் நையாண்டிக்கும் சின்னத்தைப் பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது என்று 2011 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் தடையுத்தரவை மறுத்தது. விமர்சன வீடியோவைப் பதிப்புரிமைப் புகார் கொடுத்து இறக்குவதும் அதே போலத்தான்: அது நியாயமான பயன்பாடாக இருக்குமா என்று முதலில் யோசித்தாக வேண்டும் என்று 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் நஷ்டஈடு கேட்க அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்னால் இரவு ஒன்று கடக்கட்டும். அனுப்புகிற ஒவ்வொரு வரியும் நாளை ஸ்கிரீன்ஷாட்டாக வெளியே வரும் என்று நினைத்து எழுதுங்கள், பெரும்பாலும் வரும்.

சேமிப்பும் ஒப்பந்தமும்

எவ்வளவு நாள் வைத்திருப்பது என்று எண்ணைப் போட்டு எழுதுங்கள். பெயரோடு இருக்கும் பதிவுகளுக்கு 90 நாள், பெயரில்லாத எண்ணிக்கைகளுக்கு விருப்பம் போல, இது என் பரிந்துரை. தானாக அழியும்படி அமையுங்கள், கையால் அழிப்போம் என்றால் யாரும் அழிக்க மாட்டார்கள். ஒரே விதிவிலக்கு, வழக்கு வரும் என்று எதிர்பார்க்க இடமிருந்தால் அதைச் சார்ந்த தகவலை அழிப்பதை அந்த நிமிடமே நிறுத்த வேண்டும், ஆதாரத்தை அழித்த குற்றச்சாட்டு மூல வழக்கைவிட மோசமாகப் போகும். உள் குறிப்புகளிலும் அடக்கம் வேண்டும். 'இவர் ஒரு பைத்தியம், கவனிச்சுக்கணும்' என்று சாட்டில் போடும் வரியும் ஆவணம்தான்.

வெளிக் கம்பெனியிடம் வேலையைக் கொடுத்தால் பொறுப்பு அவர்களிடம் போய்விடாது. மான்சான்டோ வழக்கில் பட்டியலைச் செய்தது வேறு நிறுவனம், அபராதம் கட்டியது மான்சான்டோ, தரவைக் கையாளும் விதிகள் ஒப்பந்தத்தில் ஒழுங்காக இல்லை என்பதும் குற்றங்களில் ஒன்று. ஆகவே கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: தரவை எங்கிருந்து எடுக்கிறீர்கள், ஏபிஐயா ஸ்கிரேப்பிங்கா, லாகின் செய்தா செய்யாமலா, போலிக் கணக்கு ஏதாவது உண்டா, எங்கே சேமிக்கிறீர்கள், எங்கள் தரவை உங்கள் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்துவீர்களா. மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

அப்புறம் ஒரு நாள் ஒருவர் எழுதுவார்: என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் எல்லாத் தகவலையும் கொடுங்கள் என்று. ஜிடிபிஆர்படி பதில் சொல்லப் பொதுவாக ஒரு மாதம் அவகாசம். அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே, உங்கள் குழுவில் ஒருவரின் கணக்குப் பெயரை அவர் சம்மதத்தோடு எடுத்துக்கொண்டு, கருவி, எக்செல் கோப்புகள், மெயில், சாட் என்று எல்லா இடத்திலும் தேடிப் பாருங்கள், என்னென்ன கிடைக்கிறது, எதெல்லாம் அங்கே இருக்கவே கூடாது என்று குறித்துக்கொண்டு அதிலிருந்து அழிக்க ஆரம்பியுங்கள்.